செவ்வாய்க்கிழமை மட்டும்

எங்கள் கட்டடத்தில் பதினோரு மருத்துவர்கள்.
வாசல் பலகையில் பதினோரு பெயர்கள்.
பன்னிரண்டாவது வரியில் பெயர் கிடையாது:
புற்றுநோய், செவ்வாய் மட்டும்.
காந்த எழுத்துகள். நான்தான் ஒட்டினேன்.
கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால்
ஓர் எழுத்து விழும்.
குனிந்தெடுத்து வைப்பதும் என் வேலையில் சேர்த்தி.

முழங்கால் இரண்டாம் மாடி. காது, மூக்கு அதற்கு எதிரே.
மச்சம் காட்டத் தோல் டாக்டரிடம் வந்தவர்கள்
சில நாள் கூடத்தைக் கடந்து
அடுத்த அறைக்கு அனுப்பப்படுவார்கள்.
ஒன்பது தப்படி. எண்ணியிருக்கிறேன்.

அர்வோ நிஸ்கனென் முதுகுவலி என்று வந்தார்.
இருபத்தாறு குளிர்காலம்
கவுண்டியின் பனிவண்டியை ஓட்டிய முதுகு.
குலுக்கல்தான், என்றார்.
எங்கள் பொது மருத்துவரும் அதையே எழுதினார்.
ரத்தம் வேறு சொன்னது.

பெரிய மருத்துவமனை மூன்று மணி நேரத் தொலைவில்;
ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார்கள்.
காப்பீட்டு அட்டையின் முதுகில் இருந்த எண்ணைச் சுழற்றி
நாற்பது நிமிடம் பியானோ கேட்டேன்.
பிறகு ஒரு பெண் குரல், மிகுந்த அன்போடு:
"உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறதே, அம்மா."

இருக்கிறது.
பலகையை ஒட்டியவளுக்குத் தெரியாதா?
செவ்வாய்கள் எல்லாம் மார்ச் வரை நிரம்பிக் கிடந்தன.

டாக்டர் ஸெலென்காவின் சாப்பாட்டு நேரம்
என் நாட்காட்டியில் பச்சைக் கட்டம்.
அந்தப் பச்சையின் மேல் நிஸ்கனென் என்று எழுதினேன்.
யாரையும் கேட்கவில்லை.
அந்தச் செவ்வாய் அவர் நின்றபடியே ஓர் ஆப்பிள் தின்றார்,
கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
விதைகளைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு
உள்ளே போனார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்
சுப்பீரியர் ஏரி தன் பங்குப் பனியை
ஒரே இரவில் எங்கள் மேல் கொட்டியது.
டாக்டர் வரவேண்டிய சாலை தொண்ணூறு மைல். அடைத்துவிட்டார்கள்.
காத்திருக்கும் அறையில் ஏழு பேர்,
ஒலியில்லாத தொலைக்காட்சியில் யாரோ வெங்காயம் நறுக்குகிறார்கள்.

நிஸ்கனெனின் முறை மதியம். வந்தது விடியலில்.
கிளம்பும் நேரம் மட்டும் அவருக்கு மாறவே இல்லை.
கம்பளித் தொப்பிக்குக் கீழே முடியில்லை,
புருவம் கொஞ்சம் மிச்சம்.
"எந்த வழியாக வருகிறாள்?" என்றார்.
சொன்னேன்.
என் மேசைத் தொலைபேசியைக் கேட்காமலே இழுத்துக்கொண்டார்.

"டுவேன், நான்தான்.
பாலத்து வளைவில் பிளேடைத் தூக்காதே.
தூக்கினால் பத்தே நிமிடத்தில் காற்று மூடிவிடும்.
இடப்பக்கம் முதலில். உப்பை அப்புறம் போடு.
இல்லை. உட்கார்ந்துதான் இருக்கிறேன்.
ஆமாம், அங்கேதான்."

பன்னிரண்டு பத்துக்கு டாக்டர் வந்தார்,
கணுக்கால் வரை நனைந்து.
நாற்பது மைல் ஒரு மஞ்சள் விளக்கின் வாலைப் பிடித்தே வந்தேன்,
யார் பெற்ற பிள்ளையோ, என்றார்.
நிஸ்கனென் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சன்னலுக்குப் போய்
கீழே நின்ற பனிவண்டியை, அது விட்டுவந்த தடத்தை
நெடுநேரம் பார்த்தார்.
"ஓரத்தைச் சரியாகச் சீவவில்லை" என்றார்.

முறைப்படி அவர் ஏழாவது.
முன்னால் போங்கள் என்று ஒரு கிழவர் எழுந்துகூட நின்றார்.
ஏழாவதாகவே போனார்.

பிழைத்தாரா என்று கேட்காதீர்கள்.
அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை;
இவ்வளவு சொன்னதே விதிமீறல்.
பெயர்களை மாற்றிவிட்டேன், சாலையை மாற்றவில்லை.
இன்றும் பலகையில் ஓர் எழுத்து விழுந்தது.
வைத்துவிட்டு வந்து உட்கார்வதற்குள்
தொலைபேசி அடிக்கிறது,
எதிர்முனையில் ஒரு குரல்
எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்
வானிலையைப் பற்றிப் பேசுகிறது.
பேசட்டும்.
பச்சைக் கட்டம் எங்கே என்று தேடிக்கொண்டே
நானும் பேசுகிறேன்.