கம்ப்ரசரை எங்கே வைப்பது

பாம்பனில் கம்ப்ரசர் என்றால்
முதலில் ஐஸ் கம்பெனி.
என் பகல் அங்கேதான் போகிறது,
அமோனியா நெடியில், அழுத்தமானி முள்ளைப் பார்த்தபடி.

அடுத்தது குந்துகாலுக்கு அப்பால்
சங்குக்கு மூழ்குகிறவன் கடித்திருக்கும் குழாயின் மறுமுனை.
மேலே அது நின்றால் கீழே அவன் நின்றுவிடுவான்.

மூன்றாவது என்னுடையது.
சோப்பு டப்பா அளவு, நீலம், ஒன்பது வோல்ட்.
"இதுல எத்தனை பாளம் உறையும்?" என்றார்
ஷிப்டு மாற்ற வந்த ஜஸ்டஸ் மச்சாது.
சத்தம் உறையும், என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன் ஒரு பாளம் சறுக்கி
என் வலது நடுவிரலில் இறங்கியது.
எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை.
பேஸ் வாசிப்பவனுக்கு இரண்டு விரல்தான் கால்கள்:
ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, நடு.
எனக்கு ஒன்று உரக்க, ஒன்று உள்ளடங்கி,
ஒரு செருப்பு மட்டும் தேய்ந்தவன் நடை.

அதற்காகத்தான் வாங்கினேன்.
உயர்ந்ததைத் தணிக்கும், தாழ்ந்ததைத் தூக்கும்.

கிட்டாரை விட்டு வந்ததும் ட்யூனர்,
அதில் யாருக்கும் தகராறு இல்லை.
அதற்குப் பிறகு கம்ப்ரசரா, டிரைவா?
"முன்னால வை" என்றார் இபுறாம்சா,
கீழக்கரையிலிருந்து மைக்செட்டோடு வருகிறவர்.
"தரம் பிரிச்சுட்டுத்தான்
சரக்கை வண்டியில ஏத்தணும்."

இரண்டு வருடம் அப்படியே ஏற்றினேன்.
எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் வந்து
டிரைவுக்குள் நுழைந்து
ஒரே அளவு உறுமி வெளியேறின.
விரல் நொண்டுவது யாருக்கும் கேட்கவில்லை.
நான் ஓங்கி அடித்ததும் கேட்கவில்லை.
ஒரு திருவிழாவில் சம்பளத்தகராறோடு போய்
முழு இரவும் கோபமாக வாசித்தேன்;
பெட்டி அதையும் சமப்படுத்திவிட்டது.

மாதா கோயில் எட்டாம் நாள் மதியம்
உப்பு பூத்த ஜாக்குகளை
உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
திரும்பச் செருகும்போது மாற்றிச் செருகினேன்.
தவறி அல்ல.
டிரைவ் முன்னால். கம்ப்ரசர் பின்னால்.

ஆள்காட்டி விரல் போய் மோதியது, டிரைவ் கரகரத்தது.
நடுவிரல் போனது.
கரகரக்க வைக்கும் அளவு அதனிடம் இல்லை.
கழுவிய தட்டு போல அப்படியே வந்தது.
பின்னால் நின்ற நீலப்பெட்டி
கரகரப்பைத் தோளில் அழுத்தி
சுத்தமானதைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது.
ஒரே உயரம். இரண்டு ஆள்.

டிரம்ஸிலிருந்து சவேரி எட்டிப் பார்த்தான்:
"எவன்டா ரெண்டாவது பேஸு?"

மெர்சலின் பாட ஆரம்பித்தபோது
அவள் குரலுக்குக் கீழே
அந்த இரண்டு பேரும் மாறி மாறி நடந்தார்கள்.
நொண்டல் போகவில்லை.
தாளத்தில் சேர்ந்துவிட்டது.

ஆனால் சும்மா கிடைக்குமா.
சப்பரம் நிலையில் நின்று
சாமியார் கையை உயர்த்த
கூட்டம் அடங்கிய அந்தக் கணத்தில்
தூக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் பெட்டி தேடியது.
டிரைவின் இரைச்சல் கிடைத்தது. தூக்கியது.
பந்தல் பின்னால் ஓடும் ஜெனரேட்டரின் முனகல்,
அதையும் தூக்கியது.
மெல்ல மெல்ல, ஆளில்லாத இடத்தில் வெள்ளம் ஏறுவது போல,
ஆசீர்வாதத்தின் மேல் ஒரு ஊஊஊ.
முன்வரிசைப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்தார்கள்.
இபுறாம்சா மிக்ஸரிலிருந்து என்னைப் பார்த்தார்.
டிரைவை மிதித்து அணைத்தேன், தாமதமாக.

இரவு ஒயரைச் சுற்றும்போது
திட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:
"கேட்டுன்னு ஒரு பெட்டி இருக்கு.
சத்தம் குறைஞ்சா தானா கதவைச் சாத்தும்.
நாளைக்குக் கொண்டு வர்றேன்."

சாத்தட்டும்.
ஆனால் மிகவும் மெதுவாக வருகிற ஒன்றும்
அந்த வாசலில்தான் நின்று தட்ட வேண்டும்.

அதை எங்கே வைப்பது என்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.