ஒழுங்கையில் நின்ற என்டர்

பாசையூர் மீன் சந்தையில
விடிய நாலரைக்கு
தராசுக்குப் பக்கத்து மேசையில
நான் எழுதின புரோகிராம் ஓடுது.
நிறை கேக்கும். விலை கேக்கும்.
கழிவு போக மிச்சத்தைச் சொல்லும்.
சொன்னது உள்ளுக்கும் பதியும்,
சனிக்கிழமை சங்கம் அதைப் பார்த்துத்தான் காசு குடுக்கும்.

சொன்னதாம்.
ஒருத்தரும் காணேல்லை.
கறுப்புப் பெட்டி ஒருக்கா மின்னி
மூடிப்போச்சு.
"தம்பி, உன்ர மிசின்
கணக்கைக் காட்டாமல் ஒளிக்குது" எண்டார்
யூஜின் அண்ணை,
விரலில ஒட்டின செதிலை
மேசை விளிம்பில வழிச்சபடி.

அது ஒளிக்கேல்லை.
சொல்ல இருந்ததைச் சொல்லி முடிச்சது,
முடிஞ்சால் போயிடும்.
நில்லெண்டு நான் எழுதேல்லையே.

அண்டிரவு கடைசி வரிக்கு முதல்
ஒரு கெற்சார் போட்டன்:
ஒரு எழுத்து வருமட்டும் நில்.
அடுத்தநாளும் நிக்கேல்லை.

ரெண்டு இரவு.
ஆறின தேத்தண்ணி, நுளம்பு,
நடுவில ஒருக்கா கரண்டும் போய்
பிறகுதான் பிடிபட்டது.
விசைப்பலகைக்கும் புரோகிராமுக்கும் இடையில
ஒடுக்கமா ஒரு ஒழுங்கை.
விலையை அடிச்சு யூஜின் அண்ணை தட்டின என்டர்,
இலக்கமெல்லாம் உள்ளுக்குப் போக
தான் மட்டும் போகாமல்
மதிலோட சாய்ஞ்சு நிண்டிருக்கு.
"ஆரும் நிக்கிறியளோ" எண்டு கெற்சார் கேக்க
அதுதான் ஓம் எண்டது.
பழைய ஓம்.
வேறொரு கேள்விக்குச் சொன்ன ஓம்.

ஒழுங்கையை முதலில கூட்டு.
வரி முடியுமட்டும் ஒவ்வொண்டா எடு, எறி.
பிறகு நில்.

வெள்ளிக்கிழமை பாக்கப் போனன்.
பிலோமினாக்காவின்ர ஓரா, பதினொண்டரைக் கிலோ.
முற்பணக் கழிவு. ஐஸ். திரும்ப ஏதோ.
கடைசியில ஒரு தொகை,
அதுக்கு முன்னால ஒரு கழித்தல் குறி.
கீழ, வெள்ளைக் கோடொண்டு
விட்டுவிட்டு மின்னிக்கொண்டு.

பின்னால மூண்டு கூடை.
"கெதியா, கெதியா" எண்டு ஒரு குரல்.
அவ குனிஞ்சு
திரையில ஈர விரல் வச்சு
வரி வரியா வாசிச்சா.
யூஜின் அண்ணை கையைப் பலகையால எடுத்து
சாரத்தில துடைச்சார்.
துடைச்ச கையைத் திரும்பவும் துடைச்சார்.

எனக்குத் தெரியும், அந்த நேரம்
புரோகிராம் ஒண்டுமே செய்யேல்லை.
எண்ணேல்லை, சுத்தேல்லை,
எத்தினை நிமிசம் எண்டும் அதுக்குத் தெரியாது.
ஒரு விரல் விழுமட்டும்
கிடந்த இடத்தில கிடக்கும்.

"ஐஸ் ரெண்டு தரம் பிடிச்சிருக்கு"
எண்டா பிலோமினாக்கா.

பார்த்தன்.
ஓம். பிடிச்சிருக்கு.
என்ர வரி, என்ர பிழை.
திங்களும் செவ்வாயும் புதனும்
மின்னி மறைஞ்ச பெட்டியளில
ஆற்ற ஆற்ற ஐஸோ.