ஓடைக்கு அந்தப் பக்கம்

இந்தப் பக்கம் எஸ்தோனியா, அந்தப் பக்கம் லாத்வியா.
நடுவில் ஓர் ஓடை. ஆடு தாண்டும்.
இரண்டு ஊருக்கும் பெயரில் ஓரெழுத்து பேதம்,
தமிழில் எழுதினால் அதுவும் இல்லை:
வல்கா, வல்கா.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை
ஹெல்வேயின் மேசைக்குப் படம் வந்தது.
ஐம்பதில் போகவேண்டிய சாலையில் எழுபத்தொன்று.
லாத்வியப் பலகை, சாம்பல் நிற வண்டி.
ஓட்டுபவர் கொட்டாவி விடுகிறார்,
கடைவாயில் ஒரு தங்கப்பல்.
பக்கத்து இருக்கையை விதிப்படி
கறுப்புப் பட்டையால் மூடினாள்.
(அதில் உட்கார்ந்திருந்தது ஒரு மூட்டை முட்டைக்கோஸ்.
விதி முட்டைக்கோஸுக்கும் உண்டா என்று
கேட்க ஆளில்லை.)

பல்லைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சிக்மார்ஸ்.
சனிக்கிழமைச் சந்தையில் புகையிட்ட விலாங்கு விற்பவர்.
அவர் வீட்டுப் புகைபோக்கி
அவள் அலுவலக ஜன்னலில் தெரியும்.
கத்திக் கூப்பிட்டால் கேட்கும்.

கடிதம் கத்தாது.
வடக்கே தாலினுக்குப் போய் ஒரு முத்திரை வாங்கி,
மொழிபெயர்ப்பவர் மேசையில் ஒன்பது நாள் படுத்து,
தெற்கே ரீகாவில் இறங்கி இன்னொரு முத்திரை வாங்கி,
தலையைச் சுற்றி மூக்கைத் தொடக் கிளம்பியது.

ஓடை உறைந்தபிறகு திரும்பி வந்தது.
'இம்முகவரியில் அப்படி ஒருவர் இல்லை.'
ஜன்னலில் புகை, வழக்கம்போல.

அந்தச் சனிக்கிழமை அவர் கடைமுன் நின்றாள்.
ஒரு விலாங்கு, எட்டு யூரோ.
சொல்லிவிடலாம். சொன்னால் அது என்ன?
அறிவிப்பா, மிரட்டலா, அக்கம்பக்கத்துப் பேச்சா?
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.
"பள்ளிக்கூடத்து வளைவில் மெதுவாகப் போங்கள்,"
இருவருக்கும் அரைகுறையாய் வரும் ரஷ்ய மொழியில்.
அவர் சிரித்தார், தங்கம் மின்னியது.
சின்ன விலாங்கு ஒன்றைக் கொசுறாக வைத்தார்.
எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.
அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.
சில்லறையை ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார்.

செவ்வாய் மாலை அவள் வீட்டுப் பெட்டியில் ஓர் உறை.
ரீகா முத்திரை, தாலின் முத்திரை.
போன கோடையில் ஓடைக்கு அப்பால்
மருந்துக்கடை வாசலில் வண்டி நிறுத்திய நாற்பது நிமிடம்.
தேதி சரி. வண்டி எண் சரி.
பெயர் மட்டும் ஹெல்மி.

அப்படி ஒருவர் இங்கு இல்லை என்று எழுதலாம்.
எழுதினால் பொய்யும் ஆகாது.
பேனாவைத் திறந்தாள், மூடினாள்.
மூன்று நாளாக அந்த உறை
ரொட்டிப் பெட்டியின்மேல் கிடக்கிறது.
நேற்று அதன்மேல் வெந்நீர்க் கோப்பை வைத்த
வட்டம் ஒன்று, முத்திரை மாதிரி.