செல்லாத முகவரி

கிளாக்ஸ்விக் துறைமுக அலுவலகத்தில் மணி மூன்று.
மழை இங்கே மேலிருந்து பெய்வதில்லை,
பக்கவாட்டில் வருகிறது.

சர்வருக்கு இதுவரை போன்களின் பேச்சுதான் புரியும்.
இன்றிரவு பிரவுசரின் பேச்சையும் பழக்க வேண்டும்.
443ஆம் போர்ட்டைத் திறந்தேன்.
சான்றிதழ் போன செவ்வாயே காலாவதி.
புதுப்பித்தேன். எழவில்லை.
ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது;
அதற்கு ஒரு மணி நேரம், ஆறிப்போன இரண்டு காபி.

பிறகு லாக்கில் 101:
சரி, இனி உன் பாஷையிலேயே பேசலாம்.

யாரென்று பார்த்தால்
ஸ்வினோய் தீவின் படகுத்துறை.
பிரவுசருக்குத் தன் முகவரி தெரியாது.
வாய்க்கு வந்த எழுத்துகளை அடுக்கி
கடைசியில் தானே எழுதிவைக்கிறது: செல்லாது.
விதி அதை அனுமதிக்கிறது.
தேடிப் போகாதே என்று சர்வருக்குச் சொன்னேன்,
வந்த வழியிலேயே பதில் கொடு,
அந்த இழை அறுகிற வரைக்கும்
அதுதான் அவன் வீடு.

முப்பது நொடிக்கொரு முறை தட்டிப் பார்க்கிறோம்.
இருக்கிறாயா.
இருக்கிறேன்.

நான்கு பதினேழுக்கு முதல் செய்தி, பார்டுர் அனுப்பியது:
"சுன்வா, விடியற்காலைப் படகை நிறுத்து.
ஆடுகள் துறையை விட்டு நகர மாட்டேனென்கின்றன."

200, சரி, என்றது சர்வர்.
நான் கேப்டனை எழுப்பவில்லை.