ஒன்பதில் ஐந்து

உம் அல் குவைன் காயல்
எட்டு நிறப்பட்டைகளாகப் பிரிந்து என் திரையில் கிடக்கிறது.
ஐந்து, கண்ணுக்குத் தெரிந்தவை.
மூன்று, சிவப்பைத் தாண்டிப் போனவை.
அவற்றை எண்களாக மட்டுமே அறிவேன்,
பிறர் வீட்டுக் கடன்போல.

முதல் ஓட்டத்தில் எண்பத்து நான்கு சதவீதம்.
பாசிப் படுகையைக் கண்டல் என்றது.
ஏற்றத்தில் மூழ்கிய இளங்கண்டலைக் கடல் என்றது.
தூசி படிந்த தகரக் கூரைகளை உப்புத்தரை என்றது;
அதைக் குறை சொல்ல மாட்டேன்,
நானும் பேருந்து ஜன்னலில் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

கடல் வற்றிய நேரத்துப் படம் ஒன்றையும் சேர், என்றாள் ஹனான்.
சேர்த்ததும் கண்டல் தண்ணீரை உதறி எழுந்தது.
சிவப்பு முடியும் விளிம்பில்
உயிருள்ள இலை சட்டென்று மேலே தாவும்.
கால்பந்துத் திடலின் நெகிழிப் புல்
அங்கே வாய் திறக்காது.
எண்பத்தொன்பது.

பிறகு சல்லடை.
மூன்றுக்கு மூன்று கட்டம்.
நடுவில் நிற்பது தனிப்புள்ளி என்றால்
சுற்றியிருக்கும் எட்டும் சொல்வதுதான் அதன் பெயர்.
ஊரோடு ஒத்துப்போ என்பதை
யாரோ கணிதமாக எழுதியிருக்கிறார்கள்.

தொண்ணூற்று மூன்று.
ஹனான் மேசையில் இரண்டு முறை தட்டினாள்.
அவள் அகராதியில் அது கைதட்டல்.

அழிந்த புள்ளிகளின் பட்டியலை யாரும் படிப்பதில்லை.
புதன்கிழமை, சாப்பாட்டுக்காரன் வரத் தாமதம்,
படித்தேன்.
பெரும்பாலும் குப்பை: படகின் நிழல், மேகத்தின் ஓரம்.
நடுவே ஒன்று, தொழிற்பேட்டையில், கராஜ்களுக்குப் பின்னால்.
கண்டல் எனப் பிறந்து
கட்டடம் எனத் திருத்தப்பட்டது.
கடல் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர்,
கண்டலாக இருக்க வழியே இல்லை.
ஆனால் எட்டுப் பட்டைகளும் ஒரே குரலில்
இலை, இலை என்றன.

களச் சரிபார்ப்புக்கு அரை நாள் வண்டி கொடுத்தார்கள்.
ஜிபிஎஸ் மூன்று மீட்டர் முன்னும் பின்னும் தடுமாறி
ஒரு கேபினின் சுவரில் முட்டி நின்றது.
சுவரில் ஏணி.
ஏணிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டி வழியும் இடத்தில்,
பெயின்ட் டப்பாவில் வேர்விட்டு
கிழிந்த மீன்வலைமேல் கூரை முழுக்கப் படுத்திருந்தது
ஒரு சுரைக்கொடி.

மொய்னுல் ஹக். சில்ஹெட். வெல்டர், இரவு ஷிப்ட்.
தூக்கத்தில் எழுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.
காய்கள் மூன்று.
பெரியதற்கு, ஈ குத்தாதிருக்க,
மளிகைக்கடைப் பையைச் சட்டையாக மாட்டியிருந்தார்.

என் இந்தி, அவர் இந்தி, இரண்டும் இரவல்.
வானத்துப் படத்தில் இது வந்ததா?
வந்தது.
இப்போது இருக்கிறதா?

எப்படிச் சொல்வது.
எங்கள் ஏழு வகுப்புகளில் சுரைக்காய் இல்லை.
கண்டல் என்றது பிழை,
கட்டடம் என்றது கணக்குப்படி சரி.
உங்களை அழித்ததில்தான்
என் பிழை ஒரு புள்ளி குறைந்தது.

சொல்லவில்லை.
பக்கத்துப் புள்ளிகள் ஒத்துக்கொள்ளவில்லை, என்றேன்.

அவர் பக்கத்துக் கூரையைப் பார்த்தார்.
வெறும் தகரம், ஒரு டிஷ் ஆன்டெனா, ஒற்றைச் செருப்பு.
எத்தனை ஒத்துக்கொள்ள வேண்டும்?
ஒன்பதில் ஐந்து.
ஒன்று எவ்வளவு பெரியது?
இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம்.

வலையின் ஓரத்தில் குதிகாலை வைத்தார்.
குதிகால், பெருவிரல், குதிகால், பெருவிரல்,
தகரம் ஒவ்வொரு அடிக்கும் முனகியது.
ஏழாவது அடியில் கூரை முடிந்தது.
அங்கே நின்று,
இரண்டு கேபின்களுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக்
கயிற்றுக் கணக்கில் அளந்தபடி
கேட்டார்:

அடுத்த படம் எப்போது?