தம்ளர்

ஸ்ட்ரெச்சரின் மேல் ஒரு எவர்சில்வர் தம்ளர்,
விளிம்புவரை தண்ணீர்.
கெங்கேரி மைதானத்தில் ஆறு வேகத்தடை, மூன்று பள்ளம்.
பள்ளம் மட்டும் மாநகராட்சியின் அன்பளிப்பு என்றார்
பயிற்சியாளர் நஞ்சுண்டப்பா.

ஒன்பது வருடம் டாக்ஸி ஓட்டியவன் நான்.
கிளம்பவிருந்த விமானங்களையெல்லாம் பிடித்துக் கொடுத்து
ஐந்து நட்சத்திரம் வாங்கியவன்.
முதல் சுற்றிலேயே பாதித் தம்ளர் காலி.
"உன் நோயாளிக்கு முதுகெலும்பு போச்சு"
கன்னடத்தில் குறித்துக்கொண்டார்.

வகுப்பில் பக்கத்து இருக்கை ஷைலஜா, இருபது வயது.
பொம்மையின் மார்பைச் சரியாக அழுத்தினால்
க்ளிக் என்னும்.
அவள் கைக்குப் பேசியது,
என் கைக்கு வாய் திறக்கவில்லை.
முப்பது வரை ஆங்கிலத்தில் எண்ண வேண்டும்.
பதினேழில் தமிழுக்கு வழுக்கிவிடுவேன்.

சான்றிதழ். நீலச் சட்டை.
டாக்ஸியைவிட நாலாயிரம் குறைவு.
மூன்று வருடத்தில் சீனியர் ஆகலாம்
என்கிறது காகிதம்.
ஆகலாம்.

முதல் பயணம் விபத்துமில்லை, மாரடைப்புமில்லை.
விவேக் நகர் மூன்றாம் மாடி ரெஜினா மேரி,
செவ்வாய் வியாழன் சனி டயாலிசிஸ்.
"சைரன் போட்றாதப்பா,
ஹவுஸ் ஓனர் பயந்து காலி பண்ணச் சொல்லுவான்."

போடவில்லை.
ஆடுகோடி சிக்னலில் இருபது நிமிடம்
எல்லாரையும் போல நின்றோம்.
கண்ணாடியில் பார்த்தேன்,
உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள்.
மடியில் அரை லிட்டர் பாட்டில்,
ஒரு நாளைக்கு டாக்டர் அனுமதித்த மொத்தத் தண்ணீர்,
மூடி திறந்தே இருந்தது.

பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.
முதல் கியர்.