நீர் நின்ற நாள்

ஹெவ்ரா ஆறு, ஆறு மாதம் வடக்கே ஓடும்
ஆறு மாதம் தெற்கே.
அதனால் இந்த நாட்டில்
மேலாற்றுக்காரன் என்று எவனும் மார்தட்ட முடியாது;
கொஞ்சம் பொறுத்தால்
அவன் அழுக்கு அவனிடமே திரும்பி வரும்.

நான் பாலத்துச் சுங்கச்சாவடியில் பேரேடு எழுதுகிறவள்.
பெயர், சரக்கு, இனம், வரி.
பதினேழு வருடம்.
மூன்றாம் பத்தியை
நிமிர்ந்து பார்க்காமலே நிரப்பிவிடுவேன்.

தும்மல் வந்தால் தொப்பியைக் கழற்றி
அதற்குள் தும்முகிறவர்கள் வேசுன்கள்.
திரும்பத் தலையில் மாட்டிக்கொள்வார்கள்,
உயிர்க்காற்றில் ஒரு பிடி வீணாகாதிருக்க.

ஓர்தலிகளுக்கு விலை கேட்பது அசிங்கம்.
கையிலிருப்பதைக் கொட்டிவிட்டு
எதிராளியின் முகத்தையே பார்த்து நிற்பார்கள்.
எடுக்கிறவன் கை நடுங்கும்.
என் கையும் நடுங்கியிருக்கிறது,
எப்போதும் அல்ல.

இம்ரைகள் நான்கு என்ற எண்ணைச் சொல்ல மாட்டார்கள்.
நான்காவது பிள்ளைக்கு
'அதற்கடுத்தவன்' என்றே பெயர்.
நான்கு ஆடு ஓட்டி வருகிறவன்
"மூன்று, அப்புறம் அது" என்பான்.
அப்படியே எழுதுவேன்.
தணிக்கைக்காரர் முதல் வருடம் கத்தினார்,
பிறகு விட்டுவிட்டார்.

வருடத்தில் இரண்டு முறை
திரும்புவதற்கு முன் ஹெவ்ரா நின்று யோசிக்கும்.
ஒரு நாள், சில சமயம் மூன்று.
தலையை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல்
மீன்கள் குறுக்கே கிடக்கும்.

அப்படியொரு நாளில்
மூன்றாம் தூணருகே ஒரு பிணம்.

எங்கிருந்து வந்தான் என்று
நின்ற தண்ணீரிடம் கேட்க முடியுமா?
இடுப்பில் வேசுன் முடிச்சு.
காலில் இம்ரைச் செருப்பு, ஒன்றுதான்.
மடியில் வாய் கட்டாத காசுப்பை,
அது ஓர்தலி வழக்கம்.

"முடிச்சை யாரும் கற்றுக்கொள்ளலாம்"
என்றாள் வேசுன்களின் ஊர்த்தலைவி கொர்பெத்.
"செருப்பு சந்தையில் கிடைக்கிறது"
என்றான் இம்ரைத் தச்சன் உல்தோ.
ஓர்தலிகள் எதுவும் சொல்லவில்லை.
பிணத்தருகே காசைக் கொட்டினார்கள்,
பார்க்க உயிருள்ள முகம் வேண்டி
என் முகத்தைப் பார்த்தார்கள்.

வேசுன் என்றால்
ஓட்டத்தை எதிர்த்து உட்காரவைத்துப் புதைக்க வேண்டும்.
இம்ரை என்றால்
ஓட்டத்தின் பக்கம் கால் நீட்டி.
ஓர்தலி என்றால் ஆற்றிலேயே விட வேண்டும்,
அது கொண்டுபோகட்டும் என்று.
ஓட்டமே இல்லை.
காத்திருந்தோம்.

மழை பிடித்தது. சாவடிக்குள் இடம் போதவில்லை.
கொர்பெத்துக்குத் தும்மல் வந்தது,
தொப்பியோ கொடியில் காய்கிறது.
உல்தோ தன் தச்சுக் குல்லாயை நீட்டினான்.
அவள் தும்மினாள்.
அதைத் திருப்பிக் கொடுப்பதா, போட்டுக்கொள்வதா?
இரண்டு இனத்துச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை.
போட்டுக்கொண்டாள்.

பார்லிக் கஞ்சி வைத்தேன், நீர்த்துப்போய்விட்டது.
ஓர்தலிப் பையன் ஒருவன்
ஒரு கிண்ணம் கொண்டுபோய்
இறந்தவன் பக்கத்தில் வைத்தான்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் விடியலில்
ஒரு வைக்கோல் துரும்பு
தூணைவிட்டு மெல்லத் தெற்கே நகர்ந்தது.
நான் பார்த்தேன். கொர்பெத்தும் பார்த்தாள்.
"இன்னும் நிற்கிறது" என்றான் உல்தோ,
துரும்பு அடுத்த தூணைத் தாண்டிக்கொண்டிருந்தபோது.

அவசரமாகத் தோண்டினோம்.
குறுக்கே வைத்தோம்,
மீன்களைப் போல.

மதியத்துக்குள் ஆறு வேகமெடுத்தது.
குல்லாய்க்கு விலை என்ன என்பதில்
கொர்பெத்துக்கும் உல்தோவுக்கும் பெரிய சண்டை.
பாலம் திறந்து ஆடுகள் வந்தன.

பேரேட்டை விரித்தேன்.
பெயர்: தெரியாது.
சரக்கு: ஒரு செருப்பு.
இனம் என்ற பத்தியில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
மூன்று, அப்புறம் அது.

வரி:
கொட்டியது கொட்டியபடி.
எண்ணவில்லை.